ஏழாம் விதி, திருத்தம்

ஞாயிறு, இரண்டாம் பூசை விட்ட பிறகு
எட்வின்ராஜின் டயர் கடைப் பின்னறையில் கூடினோம்.
கருங்கல் இளையோர் ஹாக்கிச் சங்கம்,
முப்பத்தெட்டாவது பொதுக்குழு.
வந்தவர்கள் ஒன்பது பேர். கோரம் பதினொன்று.
"போனுல ரெண்டு பேரு கேக்காவ,
அவங்களையும் சேத்து எழுதும் விஜிலா"
என்றார் தலைவர்.
எழுதினேன்: குவைத்திலிருந்து பத்மதாஸ்,
சலாலாவிலிருந்து ரசலையன்.
சலாலாவில் மழையாம்.

பொருள் ஒன்று, மைதானம்.
வடக்குக் கோலுக்கு முன்னால்
பேரூராட்சி அளவுகல் நட்டிருக்கிறது,
மீன்சந்தை வருகிறது.
ஷிஜோ அதன்மேல் ஓங்கி அடித்துப் பார்த்தான்.
பந்துதான் உடைந்தது.
பந்துக்கு நானூற்று ஐம்பது.

பொருள் இரண்டு.
அடுத்த வருடம் முதல் மாவட்ட ஆட்டமெல்லாம்
செயற்கைப் புல்லில் என்று கடிதம்.
புல் நாகர்கோவிலில் போடுகிறார்களாம்,
திங்கள்சந்தையில் பஸ் மாறவேண்டும்.
சரல்மண்ணில் வளர்ந்த பிள்ளைகள்
பந்து துள்ளும் என்று எண்ணியே
மட்டையை அரையடி உயர்த்திப் பிடிக்கிறவர்கள்.
அங்கே துள்ளாது.
துள்ளாத பந்துக்கு எப்படிப் பழக்குவது?
யாரும் கேட்கவில்லை. பஸ் காசைப் பற்றியே பேசினார்கள்.
நானும் பஸ் காசை மட்டும் எழுதினேன்.

பொருள் மூன்று, ஆள்.
பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள்: பத்து.
அபிஷாவை எட்டாம் வகுப்பிலேயே
நீட் பயிற்சியில் சேர்த்துவிட்டார்கள்.
அவளுடைய ஷூவைத் திருப்பித் தந்துவிட்டார்கள்,
துடைத்து, பையில் போட்டு.

"அண்டியாபீசுல ஒரு பிள்ள உண்டு"
என்றான் ஸ்டீபன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அனிமா மிஞ்ச்.
சுந்தர்கட் பக்கம். வந்து ஒன்பது மாதம்.
அம்மா அண்டி உடைக்கிறாள், விரல் நுனியெல்லாம் கறுப்பு.
அப்பா மூட்டை.
மூங்கில் வேரை வளைத்த ஒரு மட்டை.
நான் பார்த்தது இவ்வளவுதான்:
ஷிஜோவின் கால்களுக்கிடையே பந்தை விட்டாள்,
அவனைச் சுற்றிப்போய் தானே எடுத்துக்கொண்டாள்.
அவன் அப்போதும் தன் கால்களையே
பார்த்துக்கொண்டு நின்றான்.

பொருளாளர் கிருஷ்ணன்குட்டி கண்ணாடியை ஏற்றினார்.
"விதி ஏழு. தாலுகாவில் நிரந்தரமாக
வசிப்பவரின் பிள்ளையாக இருக்கவேண்டும்.
இண்ணு வருவாவ, நாளைக்குப் போவாவ.
அதுக்கு நாம ஜெர்சி தைக்கவா?"

மின்விசிறிச் சத்தம்.
டயர் மேல் கிடந்த போனுக்குள்ளே
ரசலையன் இருமினார்.
"நான் இஞ்ச வந்து பத்தொம்பது வருசம்.
எனக்க பேரு அந்தப் புக்குல கெடக்குல்லா?
வருசத்துல முப்பது நாளு ஊருல நிப்பேன்.
அந்தப் பிள்ள ஒம்பது மாசமாட்டு நிக்குது."
கோபமா வெறும் கணக்கா என்று
குரலை வைத்துப் பிடிக்க முடியவில்லை.
மேலே ஏதோ சொன்னார், மழை.
லைன் போயிற்று.

"லைன் போனா பத்து பேருதான். கோரம் இல்ல"
என்றார் கிருஷ்ணன்குட்டி.
ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்.
டீயும் ஏத்தங்காய் வற்றலும்
நூற்று எண்பது ரூபாய், அதையும்.

சனிக்கிழமை ஆட்டம்.
செவ்வாய்க்கிழமை படிவத்தின் பதினோராம் கட்டத்தில்
அனிமா மிஞ்ச் என்று எழுதிவிட்டு
ஊர் என்ற இடத்தில் சற்று நின்றேன்.
பிறகு, கருங்கல்.
தலைவர் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார்.
வாசித்தும் இருக்கலாம்.

சாயங்காலம் சொல்லப் போனேன்.
மீன்சந்தை அளவுகல்லில் உட்கார்ந்து
அபிஷாவின் ஷூவுக்குள் காகிதம் திணித்துக்கொண்டிருந்தாள்,
ஒரு அளவு பெரிது.
அவள் தமிழ் அண்டியாபீஸில் படித்தது,
என் தமிழைவிட இந்த மண்ணுக்கு நெருக்கம்.

"எனக்க ஊருல ஜெயிச்சா ஆடு தருவாவ. இஞ்ச?"
சான்றிதழ் என்றேன்.
"அது திங்க ஒக்குமா?"
ஒக்காது என்றேன்.
முகம் கொஞ்சம் சுருங்கிற்று.
பிறகு எழுந்து, காலை உதறிப் பார்த்துவிட்டு,
பந்தைப் போடச் சொன்னாள்.