இரண்டாம் பக்கம்

லெங் கீ சாலையில்
கண்ணாடிச் சுவருக்குள் கழுவித் துடைத்து நிற்கிறது.
விளம்பரத்தில் பார்த்த அதே சாம்பல் நிறம்.
விளம்பரத்தில் பார்த்த அதே விலை,
முதல் பக்கத்தில் மட்டும்.

இரண்டாம் பக்கத்தை டெரன்ஸ் குவீ
மெதுவாகத் திருப்பினார்,
கெட்ட சேதி சொல்லப்போகும் மருத்துவர்
தொண்டையைச் செருமுவதுபோலச் செருமிக்கொண்டு.

துவாஸ் கப்பல் பட்டறையில்
பதினாறு ஆண்டாக ரசீது பார்ப்பவள் நான்.
ஒரு மரையாணி கூடுதலாக எழுதியிருந்தாலும்
என் பேனா நின்றுவிடும்.

சிஓஇ புரிகிறது.
சின்ன ஊர், குறுகிய சாலை,
ஓட்டுவதற்கு முன்னால்
ஓட்டும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும்,
பத்தாண்டில் அது கரைந்துபோகும்.
அதில் எனக்கு வழக்கில்லை.
வரி புரிகிறது. வரிக்கு மேல் வரியும்.
நிர்வாகக் கட்டணம்தான் புரியவில்லை.
எதை நிர்வகித்தீர்கள்?
"பேப்பர் வேலை, மேடம்."
எண்ணிப் பார்த்தேன். ஏழு தாள்.
ஏழிலும் கையெழுத்துப் போடுவது நான்.

அடுத்தது, அடிப்பாகத்துக்குத் துருக்காப்பு.
இங்கே பனி இல்லையே, சாலையில் உப்புத் தூவ மாட்டார்களே
என்றார் செழியன்.
"மழை இருக்கிறதே, சார்."

வெயில் ஃபிலிம்.
பெயின்ட் மேல் ஒரு பூச்சு, அந்தப் பூச்சைக் காக்க இன்னொரு பூச்சு.
கதவைத் திறந்தால் தரையில்
நிறுவனத்தின் பெயரை ஒளியால் எழுதும் விளக்கு.
யாருக்கு?
எங்கள் ஈசூன் புளோக்கின் கார் நிறுத்தத்தில்
ஐந்தாம் மாடித் தரைக்கு
வாசிக்கத் தெரியுமா?

எடுத்துவிடுங்கள் என்றேன்.
"முடியாது மேடம், பேக்கேஜ்.
இங்கே வரும் எல்லா வண்டியிலும் மாட்டித்தான் வரும்."
அந்த வரிசையின் தலையில்
தடித்த எழுத்தில் போட்டிருந்தது: விருப்பத் தேர்வுகள்.

விருப்பம் யாருடையது?
"வட்டார விநியோகஸ்தர்" என்று
விட்டத்தைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன். ஏர்கான்தான் இருந்தது.
செய்தவன் கேட்கவில்லை, வாங்குபவள் கேட்கவில்லை,
நடுவில் முகமில்லாத ஒருவருக்கு
என் வண்டிமேல் இவ்வளவு ஆசை.

கடனை அவர்களிடம் எடுத்தால் மூவாயிரம் வெள்ளி தள்ளுபடி.
ரொக்கமாகக் கொடுத்தால் தள்ளுபடி இல்லை.
கடன் இல்லாமல் இருப்பதற்கு
முதன்முறையாக எனக்கு அபராதம்.

செழியன் எழுந்துபோய்
ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார்.
அவருக்குச் சாங்கி சரக்கு முனையத்தில் பின்னிரவு வேலை.
கடைசிப் பேருந்து போனபின்
டாக்சிக்குக் கொடுத்ததையெல்லாம் மாதவாரியாகக்
கூட்டி வைத்திருக்கிறேன்.
அந்தத் தொகையும் பொய் சொல்லாது.

மேலாளர் அந்தப் பக்கம் நகர்ந்ததும்
டெரன்ஸின் குரல் இறங்கியது.
"வண்டியில் எனக்கு ஒன்றும் நிற்காது, மேடம்.
ஃபிலிமில்தான் ஏதோ கொஞ்சம்."
நீங்கள் என்ன கார் வைத்திருக்கிறீர்கள்?
"எம்ஆர்டி" என்று சிரித்தார்.
அன்று அந்த மேசைமேல் விழுந்த சொற்களில்
அது ஒன்றுக்குத்தான் கூடுதல் கட்டணம் இல்லை.

பென்சிலால் மூன்று வரிகளை அடித்தேன்.
தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.
திரும்பி வந்தபோது மூன்றும் இல்லை.
கீழே புதிதாக ஒன்று முளைத்திருந்தது:
செயலாக்கக் கட்டணம்.
கூட்டினேன்.
அடித்த மூன்றின் தொகை, காசு பிசகாமல்.

கோபம் வரவில்லை. இத்தனை சுத்தமான கணக்கை
பட்டறையில்கூடப் பார்த்ததில்லை.

"புதன்கிழமை நாலு மணிக்கு ஏலம் முடியும்,
அதற்குள் சொன்னால் நல்லது" என்றார்.
செழியன் இறங்கிக் கதவைச் சாத்தினார்,
தூங்கும் குழந்தையின் அறைக்கதவைச் சாத்துவதுபோல.
தரையில் எரிந்துகொண்டிருந்த பெயர்
சற்று நேரம் கழித்து அணைந்தது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.
டெரன்ஸ் ஓடி வந்து ஒரு குடையை நீட்டினார்.
நிறுவனத்தின் பெயர் போட்ட பெரிய குடை.
"இலவசம், மேடம்."

பேருந்து நிறுத்தம் வரை
இரண்டு பேரும் நனையாமல் நடந்தோம்.
அங்கே அதை மடக்கி,
பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
என்ன தேடுகிறாய் என்றார்.
ஒன்றுமில்லை என்றேன்.
இரண்டாம் பக்கம்.