வில்லங்கம்

கஸ்தூரியார் வீதி. இப்போது கைத்தொலைபேசிக் கடை.
வாங்க நிற்பவர் ஸ்காபரோவிலிருந்து
இரவு ஒரு மணிக்குக் கேட்கிறார்:
"தங்கச்சி, வில்லங்கம் ஏதும் கிடக்கோ?"

காணிப் பதிவகத்து ஏட்டின் மூலையைச்
செல் தின்றிருக்கிறது.
கறையான் செல்லைத்தான் சொல்கிறேன்.

பதினோராம் ஆண்டு: தையலாச்சிக்குச் சீதனம்.
ஒரு பரப்பு மூன்று குழி,
மேற்கெல்லை இலுப்பை மரம்.
பிறகு வந்த அத்தனை உறுதியிலும்
அந்த இலுப்பை பட்டுப்போகாமல் நிற்கிறது.
தெருவில் அந்த இடத்தில்
வங்கிக்காரன் காசு மெஷின் வைத்திருக்கிறான்.

தையலாச்சி புருசன் சுருட்டுக் கொட்டில் போட்டான்,
செட்டியாரிடம் ஈடு வைத்தான்,
மீட்கவில்லை.
பிறகு சோடாக் கொம்பனி.
ஐம்பத்தெட்டில் நெய்னா முகம்மது சேகு மதார்,
அறுதி விலை பன்னீராயிரம்.
பூட்டு, கீல், கொண்டி, ஆணி நிறுத்து விற்ற கடை.

தொண்ணூறு ஐப்பசிக்கு வருகிறேன்.
ஏட்டில் ஒன்றுமில்லை.
கைமாறினால்தான் அது வாய் திறக்கும்;
கையைவிட்டுப் போனதை எழுத
அதில் நிரல் அடிக்கவில்லை.
இரண்டு மணித்தியாலத்துக்கு
முத்திரைத் தீர்வை எவ்வளவு?

நிவாரண அரிசி அடுக்கினார்களாம், பிறகு மண்மூட்டை,
பிறகு கூரையே இல்லை.
பக்கத்துக் கடைக்காரர் சொன்னது. உறுதியில் ஏறாது.

மாநகரசபை வரிப் புத்தகமும் பார்க்கவேண்டும், முறை அது.
தொண்ணூற்றேழு:
கூரையில்லாத கடைக்கு ஆதன வரி கட்டியிருக்கிறது.
காசுக்கட்டளை, புத்தளம் தபாற்கந்தோர்.
தொண்ணூற்றெட்டும்.
தொண்ணூற்றொன்பதில் ஏழு ரூபா குறைவு,
சிவப்பு மையில் 'நிலுவை'.
எந்த ஓலைக் கொட்டிலில் குந்தியிருந்து,
எதை விற்று,
தன் பெயர் இந்தத் தாளில் அழியாதிருக்க
இந்த மனிதன் காசு எண்ணினான்?

இரண்டாயிரத்து மூன்றில் மகன் விற்கிறான்.
சாட்சி இருவர், ஒப்பம் சரி, திகதி சரி.
சட்டத்தில் நூல் பிசகில்லை.

அறிக்கையின் கடைசி வரிக்கு
நொத்தாரிசு ஐயா இரண்டு சொல்தான் தருவார்.
எழுதினேன்: வில்லங்கம் இல்லை.
ஸ்காபரோக்காரர் நன்றி சொல்லி வைத்தார்.

மறுநாள் சபைக் கந்தோர் யன்னலில்
ஏழு ரூபாவை நீட்டினேன்,
பழைய நிலுவை என்று.

லிகிதர் புத்தகத்தைப் புரட்டினார்,
பேனையின் மூடியைக் கழற்றினார்.
"ஆற்ற பேரில?" என்றார்.