மயில் நீலம்

பெட்டிமேல் இருந்தவளுக்குத்
தோள்வரைக்கும் மயில் நீலம்.
பாசார் மாலாமில் பதினான்கு வெள்ளி தொண்ணூறு,
பேரம் பேசிப் பதின்மூன்று.
வெளுப்புப் பொடி தனி.
கையுறை உள்ளேயே இருக்கிறது என்றான் கடைக்காரன்.
இருந்தது,
ஒன்று.

சிலிம் ரிவரில் சனிக்கிழமை ராத்திரி
செய்வதற்கு அதிகமில்லை.
குப்பைப் பையில் தலைக்கு ஓட்டை போட்டு
மாட்டிக்கொண்டு குந்தினேன் குளியலறையில்.
இரும்புப் பாத்திரம் ஆகாதாம்;
மார்ஜரின் டப்பாவில் குழைத்தோம்.
கையுறையைத் தம்பி யுகேந்திரனுக்குக் கொடுத்தேன்.
செம்பனைக்கு உரம் வைக்கிற கை,
வரிசை பிசகாமல் வகிடெடுத்தது.
உரக் கொட்டகை வாசம்தான் அக்கா இது
என்றான், வீட்டில் இருப்பவன் போல.
காதுக்குப் பின்னால் மட்டும்
நானே தடவிக்கொண்டேன், வெறுங்கையால்.

உச்சி எரிந்தது.
கறுப்பு காப்பியாகி, காப்பி செங்கல்லாகி
செங்கல் பழுத்த வாழைத்தோலாகிற நேரம்
குழாயைத் திறந்தால்
ஓர் இருமல்.
அப்புறம் வெறும் காற்று.

தண்ணீர் நிற்குமென்று
நோட்டீஸ் வந்ததாம் வியாழக்கிழமையே.
அதை மடித்து
ஆடும் மேசைக்கு முட்டுக்கொடுத்தது நான்தான்.

இரவு பதினொன்றேகாலுக்கு
குப்பைப் பையும் மஞ்சள் தலையுமாய்
பக்கத்து வீட்டு வேலிக்கு வெளியே நின்றேன்.
காக் மஸ்னாவின் மழைத்தண்ணீர் டிரம்
கூரையடியில் நிறைந்து நின்றது.
கதவு திறந்து எட்டிப் பார்த்தாள்.
பேய் என்று கத்தியிருக்கலாம்.
உள்ளே போய் முக்காட்டைச் சுற்றிக்கொண்டு
காயோங்கோடு வந்தாள்.
சாக்கடையோரம் குனிய வைத்து
ஊற்றினாள், ஊற்றினாள்,
டிரம்மில் பாதி தீரும்வரை.
என்ன நிறம் வரப்போகிறது என்றாள்.
நீலம்.
தன் முக்காட்டு நுனியைத் தெருவிளக்கில் நீட்டி
இந்த மாதிரியா?
கொஞ்சம் இன்னும் அடர்த்தியாய்.
என்னிடம் நாற்பது நிறம் இருக்கிறது,
உச்சி எரியாமல் மாற்றிக்கொள்வேன்
என்று அவள் சிரித்த சிரிப்புக்கு
மூன்று வீட்டு நாய்கள் குரைத்தன.

மஞ்சள்மேல் நீலம் பூசினால்
என்னவாகும் என்று
இரண்டாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.
விடியலில் கண்ணாடியில்
பச்சை.
மயிலுமில்லை கிளியுமில்லை,
தண்டிலிருந்து இப்போதுதான் பிரிந்த
இளம் பனையோலைப் பச்சை.
தலையணை உறை ஒரு வரைபடம்,
தரை ஓட்டின் இடுக்குகளில் மட்டும்
பெட்டியில் சொன்ன நீலம்
பிசகாமல்.

அம்மா பார்த்தாள்.
அரிசி களையப் போனாள்.
உலை கொதித்தபின் திரும்பி வந்து
பிடரியில் ஓரிடம் விட்டுப்போச்சு என்றாள்.

திங்கள் காலை ஆலை வாசல்.
எடைமேடைக் கிராணிக்கும் தலைக்கவசம் கட்டாயம்;
அதற்குள் ஒளிந்துகொள்ளும் என்று நினைத்தேன்.
கழுத்தருகே நாலு முழம் போதாதென்று
காதோரமும் எட்டிப் பார்த்தது.
முதல் லாரிக்காரர் குலைகளை நிறுத்துவிட்டு
சீட்டை வாங்கும்போது
என் தலையைப் பார்த்தார், பின்னால் தோப்பைப் பார்த்தார்,
காயா பழமா என்று கேட்டார்.
பழம், என்றேன், எடை போடவா?

ஆனால் அதற்கு முன்னால் நடந்ததுதான்
நான் சொல்ல வந்தது.
வருகைப்பதிவு இயந்திரத்தில்
பொடி அரித்த கட்டைவிரலை வைத்தேன்.
மீண்டும் முயல்க.
துடைத்து வைத்தேன்.
மீண்டும் முயல்க.
பன்னிரண்டு வருடம் தெரிந்த விரல்.
சட்டையில் தேய்த்து, ஊதி, அழுத்தி வைத்தேன்.
இப்படி ஒருவர் இல்லை, என்றது.

காவலர் தமாங் நேப்பாளத்துக்காரர்,
மலாய் இன்னும் கூச்சத்தோடுதான் வரும்.
கைப்பதிவேட்டைப் பிரித்தார்.
பெயர் கேட்காமலே எழுதினார், நேரம் எழுதினார்.
இயந்திரம் ஏற்காத காரணம் என்ற கட்டத்தில்
பேனாவை நிறுத்தி
என்னை நிமிர்ந்து பார்த்து
ஒவ்வோர் எழுத்தாக, திருத்தமாக
எழுதினார்:
ஹிஜாவ்.

பச்சை.
கீழே கையெழுத்துப் போட்டேன்.