வழிமொழிந்தவர்

பாரம் மூன்று நாளாகக்
குளிர்பெட்டிக் கதவில் தொங்குகிறது,
மசாலைத்தூள் விளம்பரக் காந்தத்துக்கு அடியில்.
பெயர் எழுதிவிட்டேன். அடையாள அட்டை எண்ணும்.
'இதற்கு முன் வேறு கட்சியில் உறுப்பினரா?'
அந்தக் கட்டத்தில் ஓர் ஈ உட்கார்ந்துவிட்டுப் போனது.

பாடாங் செராய்க் கிளை, மகளிர் பகுதிச் செயலாளர்.
பத்தொன்பது வருஷம்.
பெரிய பதவி ஒன்றுமில்லை.
கூட்டக் குறிப்பு எழுதுவது,
மந்திரி வரும்வரை மாலையை ஈரத்துணியில் சுற்றி வைப்பது,
தேர்தல் ராத்திரி மீஹூன் பொட்டலம் எண்ணுவது.
என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை லாரியிலிருந்து விழுந்தபோது
முதலில் வந்த மலர்வளையம் கட்சியுடையது.
சொக்சோ பணத்துக்காக மூன்று முறை
அலோர்ஸ்டார் வரை கார் ஓட்டினார் கிளைத் தலைவர் குணாளன்.
டோல் காசுகூட வாங்கவில்லை.
'நம்ம இனம்' என்ற சொல்லுக்கு
அன்று ஒரு கூரை இருந்தது.
ஒழுகியது. ஆனாலும் கூரை.

போன வியாழன்
பாசார் மாலாம் போவதாகச் சொல்லிவிட்டு
ஆ லெங் மோட்டார் கடை மாடிக்கு ஏறினேன்.
பதினான்கு நாற்காலி.
கிளினிக் நர்ஸ் கமாரியா நகர்ந்து இடம் கொடுத்தார்.
ஆ லெங்கின் மகள் கேட்டாள்,
இந்த ஊரில் சிவப்பு அட்டைக்காரர்கள் எத்தனை பேர் என்று.
ஒன்பது, என்றேன். வீட்டு எண்ணோடு சொன்னேன்.
'அது இந்தியர் பிரச்சினை' என்று
ஒருவரும் சொல்லவில்லை.
எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.
எனக்குத் தொண்டை அடைத்தது.

அப்புறம் வக்கீல் தம்பி நிரஞ்சன்,
சப்பாத்தில் முகம் பார்க்கலாம்,
தேத்தண்ணி நேரத்தில் மெதுவாகக் கேட்டான்:
"அக்கா, உங்களோட எத்தனை ஓட்டு வரும்?"
குணாளனும் இதைத்தான் கேட்பார்.
அதற்கு முன்னால் 'சாப்பிட்டியா' என்று ஒரு வார்த்தை இருக்கும்.

அங்கே குறிப்பை மலாயில் எழுதுகிறார்கள்.
எனக்கும் புரியும், நல்ல மலாய்தான்.
ஆனால் என் கை
'ஏகமனதாக' என்று எழுதிப் பழகிய கை.
அந்தச் சொல்லை எந்த நாற்காலியில் உட்காரவைப்பேன்?

நேற்று ராத்திரி பழைய குறிப்பேடுகளை இறக்கினேன்.
எதற்கென்று கேட்காதீர்கள்.
காலி செய்கிறவள் கடைசியாக ஒருமுறை
பாத்திரங்களை எண்ணுவாளே, அப்படி.

2006. எட்டாம் லயத்து மண்சாலைக்கு விளக்கு வேண்டும்.
முன்மொழிந்தவர் சகுந்தலை, வழிமொழிந்தவர் ஞானப்பூ. ஏகமனதாக.
2009. விளக்கு. அதே இருவர். ஏகமனதாக.
2013. விளக்கு, வடிகால். மந்திரியின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்படும்.
2017. விளக்கு. முன்மொழிந்தவர் ஞானப்பூ.
கூட்டம் தொடங்குமுன்
சகுந்தலைக்கு ஒரு நிமிட மௌனம்.

அந்தச் சாலையில்தான், இருட்டில்,
மோட்டார் அவளை இழுத்துக்கொண்டு போனது.
அதைக் குறிப்பில் போட வேண்டாம் என்றார்கள்.
போடவில்லை.
அவர்கள் சொன்னார்கள் சரி,
பேனா என் கையில் இருந்தது.

காலையில் குணாளன் கார் கழுவிக்கொண்டிருந்தார்.
முத்திரை, மைப்பெட்டி, ஐந்து குறிப்பேடு
எல்லாவற்றையும் வாசல் திட்டில் வைத்தேன்.
"அங்க போறியாம்மா?"
"தெரியல. இங்க இனிமே எழுத மாட்டேன்."
குழாயை மூடினார். மூடியும் கொஞ்சநேரம் சொட்டியது.
"சாப்பிட்டியா?" என்றார்.

அவர் இன்னும் திறந்திருக்க மாட்டார்.
2017-ஆம் பக்கத்தின் ஓரத்தில்
நீல மையில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்:
சகுந்தலை இறந்தது விளக்கில்லாத சாலையில்.
முன்மொழிந்தவர், என் பெயர்.
வழிமொழிந்தவர்,
அந்த இடத்தை விட்டு வைத்திருக்கிறேன்.

பாரம் அதே கதவில்தான் இருக்கிறது.
சாயங்காலம் கமாரியாவின் கிளினிக்கில்
எனக்குச் சர்க்கரை பார்க்கும் நாள்.
அட்டை, கண்ணாடி, குடை.
பேனாவையும் பைக்குள் போட்டேன்.