அணைப்பதற்கான காரணம்

சர்வருக்கென்று செய்த இயங்குதளத்தை
என் மேசைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறேன்.
யெர்கோ சிரிக்கிறான்:
ரொட்டி வாங்கத் தெருமுனைக்குப் போக
சரக்கு லாரியைக் கிளப்புகிறவள் நீ.

சிரிக்கட்டும்.
நான் எழுதும் நிரல் ஓடப்போவது
நீரிணைக்கு அக்கரையில், போர்வெனீரில்,
நண்டு எடை போடும் ஆலையின்
ஜன்னலில்லாத ஓர் அறையில்.
அது எந்தத் தண்ணீரில் நீந்துமோ
அதில் இங்கேயே கை நனைத்துப் பார்க்க வேண்டும் எனக்கு.

முதல் வாரம் வீடு ஊமையானது.
பாட்டு கிடையாது. ஒலிச் சேவை
இதில் அணைந்தேதான் பிறக்கிறது.
வைஃபையா, அது என்ன என்றது.
ப்ளூடூத் ஹெட்போனை இன்றுவரை
வாசலில் நிற்கும் அந்நியனைப் போலத்தான் பார்க்கிறது.
வானிலை பார்க்கப் போனால்
இந்தத் தளத்தை நம்புகிறாயா என்று
ஐந்து முறை, ஒரே பக்கத்துக்கு.
புன்டா அரேனாஸில் வானிலை பார்ப்பதே வீண்தான்.
காற்று என்று போட்டிருக்கும்.
சதுக்கத்து மூலையில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.

ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டேன்.
ஒன்றை மட்டும் தாமதமாகத்தான் கண்டேன்,
அமைப்புகளின் அடியாழத்தில்:
எதிரே உட்கார்ந்து தட்டுகிறவளைவிட
பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் வேலைகளுக்கே
முதல் கவனிப்பு.
யெர்கோவிடம் காட்டினேன்.
மாத்தே உறிஞ்சுவதை நிறுத்தாமல்
"உன்னை மாதிரியே" என்றான்.
அன்றிரவே அதை மாற்றினேன்.
கம்ப்யூட்டரில்.

மாற்றாமல் விட்டது ஒரே ஒரு பெட்டி.
அணைக்கப் போனால் வந்து நிற்கும்:
ஏன் அணைக்கிறாய்?
திட்டமிட்டதா, இல்லையா?
ஓர் எழுத்தாவது தட்டாமல் விடாது.
எல்லாரும் ஒரு புள்ளி வைப்பார்கள்.
நானும் புள்ளிதான் வைத்தேன், ஒரு குளிர்காலம் முழுக்க.
பிறகு எப்போதோ
'கண் எரிகிறது' என்று எழுதினேன்.
'அடுப்பில் ஆட்டுக்கறி தீய்கிறது.'
'யெர்கோ கப்பலேறிவிட்டான், இருபத்தெட்டு நாள்.'
'மணி பத்து, இன்னும் வெளிச்சம், தூங்கித்தான் ஆக வேண்டும்.'
மின்சாரம் போய் வந்த காலைகளில்
எதிர்பாராமல் அணைந்ததே, ஏன் என்று கேட்கும்.
'காற்று.'
ஓராண்டு லாக்கில் காற்று பதினேழு முறை.

ஜூலையில் ஆலையின் சர்வர்
இரவுகளில் படுத்துப் படுத்து எழுந்தது.
இங்கிருந்தே உள்ளே நுழைந்தேன்.
என் மேசைக்கும் அந்த அறைக்கும் ஒரே முகம்;
எந்த அலமாரி எங்கே என்று விரலுக்குத் தெரியும்.
பெட்டிக்கு வந்த பதில்களைத் திறந்தேன்,
வரிசையாகப் புள்ளிகள் இருக்கும் என்று.

'ஜெனரேட்டர்.'
'மறுபடி ஜெனரேட்டர்.'
'நாய் கேபிள்மேல் படுத்துவிட்டது. நல்ல நாய்.'
'விசிறிச் சத்தம். நிறுத்தினேன். கொஞ்ச நேரம் கடல் கேட்டது.'
'இன்றோடு எனக்கு அறுபது.'
'ஏன் என்று நீ கேட்கிறாய். இங்கே வேறு யாரும் கேட்பதில்லை. நொல்பெர்ட்டோ, இரவுக் காவல்.'
'இதை யாராவது படிக்கிறீர்களா?'

கடைசி வரி பதினொரு நாள் பழசு.

வெளியே தகரக் கூரை அடித்துக்கொண்டிருந்தது.
கோளாறு சின்னதுதான்,
பேட்டரிக்கு யாரோ கொடுத்த ஒரு தப்பான எண்.
திருத்தினேன். மறுதொடக்கம் தேவையில்லை.
ஆனாலும் கொடுத்தேன்.
ஏன்? திட்டமிட்டதா?
திட்டமிட்டது.
'படிக்கிறேன். இக்கரையிலிருந்து. ஒரியானா.'

மறுநாள் காபிக்கு முன்பே பார்த்தேன்.
அதிகாலை நாலு பத்துக்கு
ஒருமுறை அணைத்து எழுப்பியிருக்கிறார்.
'அப்படியென்றால் தராசு பிரிண்டருக்குப் பேப்பர் அனுப்பு.
வியாழக்கிழமையிலிருந்து இல்லை.'