ஆறு சிலுவை, மூன்று ஊசி

சாந்தோம் சக்ரிஸ்தியில்
சாவிக்கொத்து என் இடுப்பில்.
பாத்திரம், பூசை உடுப்பு, உருகாத மெழுகு, உருகிய மெழுகு
எல்லாவற்றுக்கும் நோட்டில் கணக்கு உண்டு.
மூன்றாம் இழுப்பறையில் மட்டும்
யாரும் உடுத்த முடியாத ஒரு துணி.

பாலியம்.
மூன்று விரல் அகலத்தில் வெள்ளைக் கம்பளி.
கழுத்தைச் சுற்றி ஒரு வளையம்,
முன்னால் ஒரு வால், பின்னால் ஒரு வால்,
ஆறு கறுப்புச் சிலுவை, குத்த மூன்று ஊசி.
உரோமையில் ஆக்னஸ் திருநாளன்று மந்திரித்த
ஆட்டுக்குட்டிகளின் உரோமம் என்பார்கள்.
இராயப்பர் கல்லறையை ஒட்டிய மாடத்தில் கிடந்த பிறகே
தோளுக்கு வரும்.

சட்டமெல்லாம் சூசைநாதர் அடிகளுக்கு மனப்பாடம்.
ஆயரக வேந்தர் அல்லவா,
சாப்பாட்டு மேசையிலும் எண் சொல்லித்தான் பேசுவார்.
நானூற்று முப்பத்தேழு:
மூன்று மாதத்துக்குள் கேட்டு வாங்க வேண்டும்.
தன் மறைமாநிலத்துக்குள் எந்தக் கோயிலிலும் உடுத்தலாம்.
செங்கல்பட்டில் உடுத்தலாம், வேலூரில், கோவையில்.
ஊட்டியில் உடுத்தலாம், அங்கேதான் கம்பளிக்கே அர்த்தம்.
புதுச்சேரிக்குப் போனால் அது பெட்டியோடு சரி.
வேறு பேராயத்துக்கு மாற்றலானால்
பழையது செல்லாது, புதிது கேட்க வேண்டும்.
இறந்தால்
வாங்கியது அத்தனையும் அவரோடு பெட்டிக்குள்.

எங்கள் ஆண்டகை வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர்.
ஆக, இரண்டு.
ஒன்று தோளில்.
இன்னொன்று, ஒன்பது வருஷமாக,
அவர் சாவுக்காக மடிந்து கிடந்தது.

ஒரு மே மாதப் பெருவிழா. மின்சாரம் இல்லை.
கடல் பக்கத்துச் சன்னலில் ஒரு இலை அசையவில்லை.
பூசை முடிந்து நான் ஊசிகளைக் கழற்றும்போது
காதோரம் கேட்டார்:
"ஆடு எப்படித் தாங்குது, எஸ்தாக்கி?"

போனது நோன்பு மாதத்தில், செவ்வாய்க்கிழமை.
ஊதா உடுப்பு எடுத்து வைத்தேன், தலைச்சீரா எடுத்து வைத்தேன்,
மூன்றாம் இழுப்பறையைத் திறந்தேன்.
ஐந்தரைச் சிலுவை.
அரைச் சிலுவை
அந்துப்பூச்சியின் வயிற்றுக்குள்.
அந்துருண்டைக்கு என்று கொடுத்த நாற்பது ரூபாயில்
டீ குடித்தவன் நான்.

யார் நெய்யலாம், யார் மந்திரிக்கலாம்,
யார் கையால் அணிவிக்கலாம்,
எழுதியிருக்கிறது.
யார் தைத்துச் சரிசெய்யலாம் என்று
அடிகளிடம் போய்க் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஜாம்பஜாரில் இரவு பதினொன்றரைக்கு
பெருநாள் தையல் ஓடிக்கொண்டிருந்தது.
முனவர் பாய் கடை முழுக்க புர்கா.
கறுப்பு நூல் மட்டும் பதினேழு கண்டு,
ஒன்றைப்போல் ஒன்று இல்லை.
வாங்கித் தடவிப் பார்த்தார்.
"கம்பளியா? இந்த ஊர்லயா?"
சிரித்தவரிடம், யாருக்கு என்று சொன்னேன்.
சிரிப்பு நின்றது.
"மௌத்துக்குப் போற துணியா?
எங்க கஃபன்ல தையலே கூடாது, தெரியுமா?"
ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.
தெருவில் ஹலீம் அண்டாவைக் கிளறும் சத்தம்.
பிறகு அவராகவே,
"உங்க சட்டம் வேற" என்று
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

இருபது நிமிஷம்.
இருபது ரூபாய், நூலுக்கு.
அந்தக் கறுப்பு மற்ற ஐந்தைவிடக் கொஞ்சம் ஆழம்.
வெளிச்சத்தில் தெரியும். பெட்டிக்குள் என்ன வெளிச்சம்?

வியாழக்கிழமை, கச்சேரி ரோடு வரைக்கும் வரிசை.
ஒன்றைத் தோளில் சுற்றி நானே ஊசி குத்தினேன்,
நெஞ்சில் ஒன்று, இடத்தோளில் ஒன்று,
முதுகுப் பக்கத்து ஊசிக்கு
அவரைக் கொஞ்சம் தூக்க வேண்டியிருந்தது.
கனமாக இருந்தார்.
மற்றதைக் காலடியில் வைத்தேன்,
தைத்த பக்கம் கீழே இருக்கும்படி.
சூசைநாதர் அடிகள் குனிந்து பார்த்தார்.
ரொம்ப நேரம் பார்த்தார்.
பதிவேட்டில் "பாலியம் இரண்டு" என்று எழுதி
என்னிடம் பேனாவைத் தந்தார், சாட்சிக் கையெழுத்துக்கு.

மாதங்கள் ஓடிப் புதியவர் பெயர் வந்துவிட்டது.
மேலே ஆயரகத்தில்
உரோமைக்கு மனு தட்டச்சாகிறது.
மூன்றாம் இழுப்பறையைத் துடைத்து வைத்திருக்கிறேன்.
அந்துருண்டை ஐம்பத்தைந்து ரூபாய் ஆகிவிட்டது.