தண்ணி வருது

அஞ்சாப்புலியின் ரத்தம் ஐஸ் பெட்டியில்
கடலூர் பஸ்ஸில் என் மடிமேல் வந்தது.
கன்னியக்கோயில் நிறுத்தத்தில் ஒருத்தர் "மீனா?" என்றார்.
தலையாட்டி வைத்தேன்.

புதுச்சேரி. இரண்டாம் மாடி. ஜன்னல் இல்லாத அறை.
செல்களை ஒற்றை வரிசையில் ஓடவிட்டு
லேசரில் ஒவ்வொன்றாய் முகம் பார்க்கும் எந்திரம்.
பதினோரு வருஷமாக இதற்குத் துணையிருக்கிறேன்.
பிலிருபின் பதினான்கு என்கிறது சீட்டு.
மஞ்சள் காமாலை, ஏ வகை,
குடிக்கிற தண்ணீரில் ஏறி வருவது.

திரையின் மேல்மூலையில் புள்ளிகள் மொய்த்தன.
கிளர்ந்து நிற்கிற டி செல்கள்.
சாயத்தை மாற்றி மறுபடி ஓட்டினேன்.
இந்த வைரஸை வாழ்நாளில் பார்த்திராதவையும்
அதே மூலையில், அதே கொதிப்பில்.
அவன் ஐந்தாம் வகுப்பில் படுத்த ஃப்ளூவை
இன்னும் மனதில் வைத்திருப்பவை.

ஒரு செல் ஒரு முகத்துக்காகக் காத்திருக்கும்,
அந்த முகம் வராமல் அசையாது,
அப்படித்தான் பரீட்சையில் எழுதினேன்.
முகம் வரவில்லை.
வந்தது இன்டர்லூக்கின் பதினைந்து:
நோய்ப்பட்ட கல்லீரல் கசியவிட்ட கூச்சல்.
யார் வந்தார், எங்கே வந்தார், எதுவும் அதில் இல்லை.
பழைய ஞாபகம் உள்ளவை எழுந்துவிட்டன.
எதையும் கண்டிராத புதுசுகள்
கீழ்மூலையில் சும்மா நிற்கின்றன.

எனக்கு அந்தக் கீழ்மூலை
சோனங்குப்பத்துச் சந்தாகத் தெரிந்தது.

போன மாசம். கரண்ட் இல்லை. எட்டரை இருக்கும்.
முனையில் எவனோ கத்தினான்: "தண்ணி வருது!"
நகராட்சி லாரி. மூன்று நாளாய்ப் பார்த்திருந்த லாரி.
எனக்குத் தெரியாதா?
குடத்தைக் கழுவி வாசலில் வைத்ததே நான்தான்.
கால் கேட்கவில்லை.

அந்த டிசம்பர் காலையைக் கண்ணால் கண்டவர்கள்
அத்தனை பேரும் ஓடினோம்,
கடலுக்கு முதுகைக் கொடுத்து, பாலத்துப் பக்கம்,
வலையை மிதித்து, நண்டுக்கூடையை உதைத்து.
தேசப்பன் மாமா கைலி அவிழ்ந்தது தெரியாமல் ஓடினார்.
கடல் அன்றைக்கு எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்ததாம்.
திரும்பிப் பார்த்தால்தானே.

நின்றவர்களும் இருந்தார்கள்.
அலைக்கு அப்புறம் பிறந்த பிள்ளைகள்.
பண்ருட்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த குமுதவல்லி,
இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாய் இரண்டு குடம்.
என் கொழுந்தன் அஞ்சாப்புலி, வயசு இருபது,
லாரிக் குழாயில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தான்.

சந்து குறுகல். என் தோள் அவளை இடித்தது.
மணிக்கட்டு முறிந்த சத்தம்
குடம் உருண்ட சத்தத்தில் கேட்கவில்லை.
கேட்டும் ஓடினேனோ என்னவோ.

டாக்டர் பிலோமினா திரையைக் குனிந்து பார்த்தார்.
"வைரஸ் தானா பெருசா எதையும் கொல்றதில்ல.
கல்லீரல அடிக்கிறதுல இவங்களுக்குப் பெரிய பங்கு.
சம்பந்தமே இல்லாதவங்க.
தவிச்சுக் கை தூக்குற செல் எதுவானாலும் முடிச்சுடுவாங்க."
அப்போ எதுக்கு மேடம் உடம்புல இப்படி ஓர் ஏற்பாடு?
"வேற சில நோய்ல, ஆளு பிழைக்கிறதே
இவங்க முந்திக்கிட்டு ஓடுறதாலதான்."
டீக்குப் போய்விட்டார்.

படிவத்தில் இரண்டு கட்டம்.
கிளர்ச்சி: உண்டு.
எதற்கு எதிராக:
அங்கே பேனா கொஞ்ச நேரம் நின்றது.
கோடு போட்டு அனுப்பினேன்.

சாயங்காலம் சந்தில் குமுதவல்லி
ஒற்றைக் கையால் குடம் தூக்கப் பார்த்தாள்.
மாவுக்கட்டில் எந்தப் பிள்ளையோ சுறா வரைந்திருக்கிறது.
"அக்கா, கேக்கணும்னே இருந்தேன்.
அன்னிக்கு நீங்க என்னத்தப் பாத்தீங்க?"

ஒண்ணும் பாக்கல.

குடத்தை வாங்கி என் இடுப்பில் வைத்துக்கொண்டேன்.
காய்ச்சிக் குடி, என்றேன்.